டிஸ்கோக்காரி

— கெஸ்ட் ரிலேஷன்ஸ்னா என்ன சோலிங்க அது? கீழ எங்கப்பா ரெண்டு தடவ கேட்டாங்க. நீங்க ரெண்டு தடவையும் கேசரிய அள்ளி வாயில போட்டுக்கிட்டீங்க.

— அது வந்து… ஓட்டலுக்கு வாரவங்கள வரவேற்கது. வாங்க, இருங்கன்னு சொல்லுதது. மெட்ராஸ்ல பெரிய ஓட்டலு, பாத்துக்கிடுங்க.

— வாங்கன்னு சொல்லுதது மட்டுந்தானா? போங்கன்னு சொல்லுதது கிடையாதா?

— என்னது?

— ஒண்ணுமில்ல. அங்கன சாயாதீங்க. தண்ணித் தொட்டி ஓரத்துல எங்கம்மா கூழ்வத்தல் போட்டிருக்கா. நீங்க ஒருக்கா முதுகக் குடுத்தீங்கன்னா இந்த வருசத்து வத்தல் அத்தனையும் அப்பளமாயிரும்.

— மன்னிச்சிக்கிடுங்க. நமக்கு எங்க போனாலும் இந்த உடம்புதான் தொந்தரவு.

— பேரு பாபநாசம். ஊரு வள்ளியூரு. எங்க வி.கே.புரத்துல இந்த மொட்டமாடித் தட்டட்டியில இருந்து எட்டிப் பாத்தா பாபநாசம் தெரியும். பக்கத்து ஊர்ல இருக்க நாங்களே அந்தப் பேர வைக்கல. உங்களுக்கு எப்படி?

— எங்க அம்மைக்குக் கல்யாணமாகி ஆறு வருசம் பிள்ளை இல்ல. பாபநாசத்துல வந்து ஆத்துல முங்கிச் சாமி கும்பிட்ட பொறவுதான் நான் பொறந்தேன். பாவமெல்லாம் தீர்ந்துட்டுன்னு வச்ச பேரு.

— தீர்ந்துட்டா?

— எங்க அம்மைக்குத் தீர்ந்துட்டு. நமக்குத் தெரியல.

— பரவாயில்லையே. இவ்வளவு நேரத்துல இப்பதான் ஒரு உண்மை வந்திருக்கு.

— நீங்க ஏன் விஜயஸ்ரீ, ஆரம்பத்துல இருந்தே ஒரு மாதிரிப் பேசுதிய? என்னப் பிடிக்கலன்னா சொல்லிருங்க. பத்து நிமிசம்தான் குடுத்திருக்காவ. ரெண்டு நிமிசம் வத்தலுக்கே போயிட்டு.

— எங்கப்பா மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவங்க. பத்து நிமிசம்னா பத்து நிமிசந்தான். அதுக்கே எங்கண்ணன் கீழ சாமியாடிட்டான். பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாப் பேசுதது நம்ம குடும்பத்து வழக்கமான்னு. பாத்தீங்கள்ல, பட்டை பட்டையாத் திருநீறு போட்டுக்கிட்டு, கதவோரம் நின்னானே, குருபிரசாத்து.

— பாத்தேன்.

— உங்க போட்டோ வந்த அன்னிக்கே வேண்டாம்னுட்டான். ஒம்பது பொருத்தம் இருக்குலேன்னு அப்பா சொல்லிப் பாத்தாங்க. ஆளு சரியில்லங்கான். என்ன சரியில்லைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்.

— அப்படியா சொன்னாவ.

— உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்கு?

— வெயிலு.

— மலையில மேகம் இறங்கிட்டு இருக்கு. வெயிலாம்ல! முழுக்கைச் சட்ட போட்டா வேர்க்காம என்ன செய்யும்? கொஞ்சம் மடிச்சு விடுங்க.

— இருக்கட்டும்.

— மடிங்க. உங்க கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— கறுப்புச் சட்டையில பாத்திருக்கேன். அரைக்கை. காதுல சுருளுச்சுருளா ஒரு வயரு. கால அகட்டிக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு, ஊருக் காவல் பூதத்தார் மாதிரி. பாபநாசம், நீங்க பவுன்சர்.

— பைய! பையப் பேசுங்க. கீழ எங்க அம்மை இருக்கா.

— உங்கம்மாவுக்குத் தெரியாதா?

— அசிஸ்டென்ட் மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க தெருவுல கொலு வச்சா எங்க அம்மைக்குத்தான் முதல் தாம்பூலம், பாத்துக்கிடுங்க. பவுன்சர்னா எங்க பக்கத்துல அடியாள்னுதான் நெனப்பாவ.

— பின்ன என்ன? சைவ அடியாளு. வெங்காயம் பூண்டு கூடாதோ?

— கேலி பண்ணாதிய. நான் ஒரு ஈயக்கூட அடிச்சதில்ல. அடிக்கது, தூக்கிட்டுப் போயி ரோட்டுல விடுதது எல்லாம் எஸ்றா. ராதாபுரத்துப் பய, கூட நிக்கவன். கலவரம் வந்தா அவன்தான் உள்ள ஓடுவான். நான் வாசல விட்டு அசைய மாட்டேன். நிக்கதுதான் என் சோலி. என்னப் பாத்ததுமே பாதிப் பேரு வாலச் சுருட்டிக்கிடுவான்.

— ஓட்டல்னு சொன்னீங்க?

— ஓட்டல்தான். மூணாவது மாடியில டிஸ்கோ இருக்கு. கீழ அதுக்குத் தனி வாசல். அந்த வாசல்ல நான்.

— உள்ள எப்படி இருக்கும்?

— பகல்லதான் பாத்திருக்கேன். பந்தி முடிஞ்ச கல்யாண மண்டபம் கணக்கா இருக்கும். தரையெல்லாம் பிசுபிசுப்பு, ஒரு மூலையில ஒத்தச் செருப்பு, மேல கண்ணாடி உருண்டை ஒண்ணு தொங்கும், அதுல பாதி அழுக்கு. ராத்திரி என்ன நடக்குன்னு நமக்குத் தெரியாது. நின்னா சத்தம் மட்டும் கேக்கும். டும் டும் டும்னு. ஆறு வருசமாப் பாட்டோட வயித்தத்தான் கேட்டிருக்கேன், வாயக் கேட்டதில்ல.

— ஆடுததும் இல்லையா?

— நானா? நான் ஆடினா மூணாவது மாடி ரெண்டாவது மாடிக்கு வந்துரும்.

— ஓஹோ. சிரிக்கவும் வருமா உங்களுக்கு. வாசல்ல நிக்கும்போது சிரிப்பே வராதே.

— அது சோலி. சிரிச்சா எவனும் பயப்பட மாட்டான்.

— வியாழக்கிழமை என்ன விசேஷம் அங்கன?

— அதுவும் தெரியுமா உங்களுக்கு? வியாழக்கிழம பழைய டிஸ்கோப் பாட்டு மட்டும் போடுவாவ. நாப்பது அம்பது வருசத்துக்கு முந்தின பாட்டு. அதுக்குன்னு ஒரு கூட்டம் வரும் பாத்துக்கிடுங்க! கம்பெனியில பெரிய பெரிய உத்தியோகத்துல இருக்கவன்லாம் வெள்ளித்தாளு சுத்துன மாதிரிச் சட்டையும், காலுக்குக் குடை விரிச்ச மாதிரிப் பேன்டும் போட்டுக்கிட்டு வருவான். ஒருத்தன் தலையில டோப்பா வச்சிருப்பான், நெத்தியில ரிப்பன் கட்டியிருப்பான். காலைல அவனே ஆபீஸ்ல அடுத்தவன் சட்ட பட்டன் சரியா போடலன்னு கத்திட்டு வந்திருப்பான். கோயில் கொடைக்கு வேசம் கட்டுதவனாவது நேர்ச்சைக்குக் கட்டுதான். இவனுக எந்தச் சாமிக்குக் கட்டுதானுகளோ!

— யார உள்ள விடுவீங்க, யார விட மாட்டீங்க?

— அதெல்லாம் ஒரு கணக்கு. ஆளப் பாத்து மூணே செகண்டு. செருப்பு, மூஞ்சி, நடை. அம்புட்டுத்தான். நமக்கு அதுல கண்ணு நல்லாப் பழகிட்டு. இவன் உள்ள போயி சண்டை போடுவான், இவன் பொம்பளப் பிள்ளைகள உரசுவான், இவன் வந்து ஓரமா நின்னு போன் நோண்டுவான். பாத்ததும் சொல்லிருவேன். ஓனரே சொல்லுவாரு, பாபநாசம் கண்ணு எக்ஸ்ரே கண்ணுன்னு.

— அப்படியாக்கும். சரி, இந்தா நிக்கேன். நல்லாப் பாருங்க. மூணு செகண்டு. என்ன விடுவீங்களா?

— உங்களயா? கயத்தத் தூக்கிப் பிடிச்சு உள்ள விடுவேன்.

— விடலையே.

— எது?

— ரெண்டு வருசம் முந்தி. தை மாசம். கடைசி வியாழக்கிழமை. ராத்திரி எட்டு மணி. என்கூட வந்தவங்க ரெண்டு பேரு. ஆபீஸ்ல கூட வேல பாத்தவளுக, ப்ரீத்தியும் ரீபாவும். என் துப்பட்டா ஆட்டோ கம்பியில மாட்டிக்கிட்டு. அத எடுத்துட்டு வாரதுக்குள்ள அவளுக முன்னால நடந்து உள்ள போயிட்டாளுக. நான் வாரேன், நீங்க கையக் குறுக்க நீட்டுதீங்க. இன்னிக்கு ஃபுல்லுன்னுட்டீங்க.

— ஞாபகம் இல்லையே.

— எனக்கு இருக்கு. நீங்க ஃபுல்லுன்னு சொன்ன பொறவு பதினோரு பேரு உள்ள போனாங்க. எண்ணினேன். அதுல ஒருத்தன் வேட்டி. நான் உங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன்? என் ஃபிரெண்ட்ஸ் உள்ள இருக்காங்கண்ணா, ஒரே ஒரு நிமிசம்ணான்னு. அண்ணா அண்ணான்னு கூப்பிட்ட ஆளையே இப்ப மாப்பிள்ளையாக் கொண்டுவந்து தட்டட்டியில நிப்பாட்டியிருக்காங்க. நல்ல கூத்து.

— விஜயஸ்ரீ, ஒரு நாளைக்கு நூறு பேரு வருவாவ…

— காரணம் கேட்டேன்லா? அன்னிக்கும் கேட்டேன், நீங்க வானத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. இன்னிக்கும் அதத்தான் கேக்கேன். உங்க போட்டோவப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சிட்டு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா விட்டுருவோம்மான்னு அப்பா சொன்னாங்க. நான்தான் வரச் சொல்லுங்கன்னேன். எதுக்குன்னு நெனைக்கீங்க? உங்க அழகுக்கா? இந்த ஒரு கேள்விக்கு. நிறமா?

— அய்யோ, இல்ல.

— துணியா? நானும் பளபளன்னுதான் வந்தேன். வெள்ளிச் சம்கி வச்ச சுடிதாரு. தீவாளிக்கு அப்பா எடுத்துத் தந்தது.

— துணியில ஒண்ணும் இல்ல.

— பின்ன நடையா? திருநெவேலிக்காரி நடக்க நடை மெட்ராஸ்காரனுக்கு ஆகாதோ? நீங்களும் இந்த ஆத்துத் தண்ணியில முங்கி வந்த பிள்ளைதானே!

— உங்ககிட்ட ஒரு குறையும் இல்லங்க. போதுமா? ஓனரு சொன்னாரு, நிறுத்திட்டேன். கூட்டம். அவ்வளவுதான். ஒரு நாள் டிஸ்கோவுக்குப் போவல. அதுல என்ன வந்துட்டு? அது ஒண்ணும் பெரிய சொர்க்கம் இல்ல, பாத்துக்கிடுங்க.

— என்ன வந்துட்டா? சொல்லுதேன், கேளுங்க. அன்னிக்கு எதுத்தாப்புல இளநீ வண்டி ஒண்ணு நின்னுச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னேன். ப்ரீத்தி வெளிய வருவா, கூட்டிட்டுப் போவான்னு. நீங்க சொன்னீங்களே டும் டும்னு, அதுதான் எனக்கும் கேட்டுச்சு. அவ வரல. ஒம்பது மணிக்கு மேல பஸ்ஸப் பிடிச்சு ஆஸ்டலுக்கு வந்துட்டேன். வந்து செருப்பக் கழட்டல, அப்பா போன்ல அழுகுதாங்க. டிஸ்கோவுக்கெல்லாம் போற அளவுக்கு ஆயிட்டியாம்மான்னு.

— அன்னிக்கேவா?

— அன்னிக்கே. மறுநா காலைல ஏழு மணிக்கு எங்கண்ணன் ஆஸ்டல் வாசல்ல நிக்கான். அவனும் மெட்ராஸ்லதானே பேங்க்ல இருக்கான். பொட்டியக் கட்டுன்னுட்டான். அன்னிக்கு ராத்திரியே வேலைய எழுதிக் குடுத்துட்டு ரயிலேறியாச்சு. மூணு வருசம் பாத்த வேல. டீம் லீடு ஆக்குதோம்னு சொல்லி ஒரு வாரம் ஆகல. அந்தச் சந்தோசத்துக்குத்தான் அவளுக என்ன அங்கன கூட்டிட்டே போனாளுக.

— இப்ப இங்கனதான் இருக்கியளா?

— அம்பையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டேலிக் கணக்கு சொல்லிக் குடுக்கேன். காலைல எட்டரை பஸ்ஸு, சாயங்காலம் அஞ்சே முக்கால் பஸ்ஸு. ஆறரைக்கு மேல ஆயிட்டா அண்ணன் மெட்ராஸ்ல இருந்து போன் போட்டு வீடியோ கால்ல வீட்டச் சுத்திக் காட்டச் சொல்லுவான்.

— தரகர் எங்ககிட்ட இதெல்லாம் சொல்லலையே. சொந்த ஊரு பிடிக்கும்னு வந்துட்டாங்கன்னாரு.

— எப்படிச் சொல்லுவாரு? அப்பா மனசு ஆறாம எங்க சித்திகிட்டச் சொன்னாங்க. சித்திகிட்டச் சொன்னா மைக் செட்டுக்குச் சொன்ன மாதிரி. ஆறு மாசத்துல எனக்குப் பேரே வச்சிட்டாங்க. டிஸ்கோக்காரி. காய்கறி வாங்கப் போனா, இந்தப் பிள்ளைதான் அங்கனலாம் போகுமாம்லான்னு பின்னால ஒரு குரல் கேக்கும். மூணு எடம் வந்து தட்டிப் போச்சு. ஒரு மாப்பிள்ளையோட அம்மா நேராவே கேட்டா, பொண்ணு குடிக்குமாமேன்னு. நான் அந்த எடத்துக்கு உள்ளயே போகலிங்க! வாசல்ல நின்னதுக்கே இவ்வளவு. கெட்ட பேரு எப்படியும் வரத்தான் செய்யும்னு தெரிஞ்சிருந்தா, உள்ள போயி ஒரு ஆட்டமாவது ஆடிட்டுக் கெட்டிருப்பேன்லா!

— அப்பாவுக்குப் போன் போட்டது யாரு?

— அண்ணன்தான். அவனுக்குத் தெரிஞ்சவங்க யாரோ என்ன அங்கன பாத்துட்டு, அவன்கிட்டச் சொன்னாங்களாம். யாருன்னு கேட்டேன். உன் நல்லதுக்குச் சொன்னவங்கள ஏன் தேடுதேன்னான். ரெண்டு வருசமா ஒவ்வொருத்தரா யோசிச்சுப் பாத்துட்டேன். ப்ரீத்தியச் சந்தேகப்பட்டேன். ரீபாகிட்டப் பேசுததயே விட்டுட்டேன். ஏன், நீங்க ஏன் உக்காருதீங்க? அது தண்ணித் தொட்டி மூடி, உடைஞ்சிரும்.

— அன்னிக்கு ராத்திரியே போன் போட்டாவளா. அடக் கோட்டிக்காரா.

— யாரச் சொல்லுதீங்க?

— என்னத்தான். நான் நல்லதுன்னு நெனச்சேன் பாத்துக்கிடுங்க. நீங்க பேசாம வீட்டுக்குப் போயிருவிய, யாருக்கும் தெரியாது, அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். உங்கள அன்னிக்கு உள்ள விட்டிருந்தா உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் அசிங்கமாயிருக்கும்.

— அப்ப ஞாபகம் இருக்கு.

— இருக்கு.

— எங்க வீட்டுல இருந்து நான் ஒருத்திதானே வந்தேன்? ரெண்டு பேருன்னா யாரு?

— வாய் தவறி வந்துட்டு.

— பாபநாசம். என் மூஞ்சியப் பாருங்க. வானத்தப் பாக்காதீங்க. ரெண்டு பேருன்னா யாரு?

— நான் சொல்லிட்டேன்னா என் சோலியும் கீழ வெளிய வந்துரும்.

— சொல்லலன்னா இப்பவே வரும். உங்கம்மா கேசரி சாப்பிட்டு முடிச்சிருப்பாங்களான்னு மட்டும் பாத்துட்டு வாரேன்.

— இருங்க, இருங்க. அன்னிக்கு எங்கிட்ட அண்ணா ப்ளீஸ் அண்ணா ப்ளீஸ்னு கெஞ்சுனியள்லா?

— ஆமா.

— அப்ப உங்க சொந்த அண்ணன் என் முதுகுக்குப் பின்னாலதான் நின்னாவ. காத்து வாங்க வெளிய வந்திருந்தாவ. நீங்க ஆட்டோவுல இருந்து இறங்குதத முதல்ல பாத்தது அவியதான். தொபுக்குனு ஒரே தாவு, என் பின்னால வந்து ஒளிஞ்சிட்டாவ. எந்தங்கச்சி, எந்தங்கச்சி, விட்டுராத, விட்டுராதன்னு என் சட்டைய ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுக்காவ. நான் திரும்புனா அவிய தெரிஞ்சிருவாவ. அதுக்குத்தான் அசையாம வானத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். இந்த உடம்புக்குப் பின்னால ஒரு ஆளு நின்னா யாருக்குத் தெரியும்?

— எங்கண்ணனா? குருபிரசாத்தா? டிஸ்கோவிலயா?

— வியாழக்கிழமைக்கு வியாழக்கிழம வருவாவ. நான் சோலிக்குச் சேர்ந்ததுல இருந்து வாரவங்க. பேரு சொல்ல மாட்டோம். ஜி, பி ரெண்டு எழுத்தையும் சேர்த்து ஜீப்பின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

— நெத்தியில திருநீறோடயா?

— அதெல்லாம் காருலயே தொடச்சிருவாவ. வெள்ளிச் சட்ட ஒண்ணு, மூணு பட்டன் போடாம. வெளிச்சம் பட்டா பாத்திரக் கடைய ஒரு ஆளு மேல மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். செவப்புல பேன்ட்டு. எஸ்றா உள்ள போயிட்டு வந்து சொல்லுவான்: கண்ணாடி உருண்டைக்குக் கீழ நடு இடம் ஜீப்பிக்குத்தான், வேற ஒரு பய அங்கன நிக்க முடியாதுன்னு. ஒரு விரல மேல நீட்டி, இடுப்ப ஒடிச்சு, ஒரு சுத்துச் சுத்துவாவளாம். சுத்தி நிக்கவன் எல்லாம் கையத் தட்டுவானாம். எஸ்றா எனக்கு அத ஆடியே காட்டியிருக்கான்.

— எனக்கு லிப்ஸ்டிக் போடாதன்னு சொன்னவன்.

— சிரிக்கியளா, அழுவுதியளா?

— தெரியல. இருங்க. தெரிஞ்சவங்க யாரோ பாத்துட்டுச் சொன்னாங்களாம்! அவன்தான் பாத்திருக்கான். அவன் அங்கன நின்னது எனக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு பயந்து, நான் வாயத் தொறக்கதுக்கு முந்தி அப்பாவுக்குப் போன் போட்டிருக்கான். மெட்ராஸ்ல நான் இருந்தா வியாழக்கிழமை அவனுக்கு நிம்மதி இருக்காதுல்லா, அதுக்குத்தான் பொட்டியக் கட்ட வச்சிருக்கான். சரிதானே?

— எனக்குப் போன் விசயம் இப்பத்தான் தெரியும். சத்தியமா. அவிய என் காதுல சொன்னதெல்லாம், சின்னப் பிள்ளை, கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான்.

— இப்பவும் போறானா?

— போவாவ.

— போன வியாழக்கிழமை?

— வந்தாவ. பதினொண்ணு வரைக்கும் ஆடிட்டு, கால்ல சுளுக்கோட போனாவ. இன்னிக்கு வாசல்ல நின்னு என்ன முறைக்கும்போதுகூட எடது கால நொண்டிக்கிட்டுத்தான் நிக்காவ, பாருங்க.

— பஸ் படியில இருந்து விழுந்துட்டேன்னான். அவன் வந்ததுல இருந்து எங்கம்மா எண்ணெய் தேய்க்கா.

— இன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுதேன், கையப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனாவ. நீ என்னப் பாத்ததில்ல, நான் உன்னப் பாத்ததில்ல. வந்தமா, கேசரி சாப்பிட்டமா, சாதகம் ஒத்துவரலன்னு சொல்லிட்டுப் போனமான்னு இரு. இல்லன்னா நீ வாசல்ல நிக்கவன்னு உங்கம்மா முன்னாலயே சொல்லிருவேன்னாவ. நானும் சரின்னுட்டேன். எனக்கும் பயம்தான. உங்ககிட்டச் சொல்லணும்னு மேல ஏறி வரலைங்க. பொய் சொல்லி என்ன ஆவப் போவுது?

— நீங்க ஒண்ணும் யோக்கியன் இல்ல.

— இல்ல.

— அவன மறைச்சு வச்சதும் நீங்க, என்ன நிறுத்துனதும் நீங்க. அவன் சொன்னா, நீங்க ஏன் கேட்டீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னிக்கே அவன் சட்டையப் பிடிச்சிருப்பேன். இன்னிக்கும் மெட்ராஸ்ல வேலையில இருந்திருப்பேன்.

— பழகுன ஆளு. வாராவாரம் சிரிச்சுப் பேசுதவரு. அவரு சொன்னதுக்குக் காரணம் கேக்கத் தோணல. உங்க சோலி போயிரும்னு எனக்கு எப்படித் தெரியும்? வாசல்ல திருப்பி அனுப்புன ஆளு அதுக்குப் பொறவு எங்க போறாங்க, என்ன ஆவுதாங்கன்னு நான் ஆறு வருசத்துல ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல. அப்படி அனுப்புன பொறவு நான் பாக்க முதல் ஆளு நீங்கதான்.

— கீழ வந்து இத எல்லாரு முன்னாலயும் சொல்லுவீங்களா?

— எங்க அம்மை இருக்காளே.

— இருக்கட்டும்.

— அசிஸ்டென்ட் மேனேஜர்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா. போன மாசம் கோயில்ல என் பேருக்கு மேனேஜர்னு சேர்த்து அர்ச்சனை பண்ணியிருக்கா.

— எனக்கு டிஸ்கோக்காரின்னு பேரு சேர்த்து வச்சிருக்காங்களே, அத யாரு போயி எடுப்பா? உங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். நீங்க சாதகம் ஒத்துவரலன்னு சொல்லிட்டுப் போங்க. நாலாவது எடமும் தட்டிப் போச்சுன்னு எங்கப்பா ஒரு வாரம் சாப்பிடாம இருப்பாங்க. அண்ணன் ஞாயித்துக்கிழம ரயிலுக்குப் போயிருவான். வியாழக்கிழமை நீங்க அவனுக்குக் கதவத் திறந்து விடுவீங்க.

— அப்படிச் சொல்லாதிய.

— அதான நடக்கும்?

— சொல்லுதேன்.

— என்னது?

— கீழ வந்து சொல்லுதேன். நான் யாருன்னு முதல்ல சொல்லிட்டு, பொறவு அவிய யாருன்னு சொல்லுதேன். எங்க அம்மை அழுவா. அழட்டும். ஆனா ஒண்ணு கேக்கணும்.

— கேளுங்க.

— நம்ம விசயம் என்னன்னு…

— பாபநாசம், நீங்க கோட்டியா? என்னை ரோட்டுல நிக்க வச்ச கதைய இப்பத்தான் சொல்லி முடிச்சீங்க. அதுக்குள்ள மாலையக் கொண்டாங்குதீங்க.

— இல்ல, சும்மா கேட்டு வச்சேன்.

— ஏலே பாபநாசம்! ராகு காலம் வந்துரும்லே. என்னலே பேச்சு இம்புட்டு நேரம்? மேனேஜருக்கு லீவு ஒரு நாள்தானேன்னு நான் இங்கன சொல்லிட்டு இருக்கேன். இறங்கி வா!

— இந்தா வாரேன்ம்மா!

— உங்கம்மாவா?

— ஆமா. பார்வதியம்மாள். சத்தம் போட்டாக்க வள்ளியூர் சந்தைக்கே கேக்கும்.

— நல்லதாப் போச்சு. இங்கன இருந்து நாம பேசுனாலும் அவங்களுக்குக் கேக்கும்.

— விஜி! மணி என்ன ஆவுது? பத்து நிமிசம்னா பத்து நிமிசம். மாப்பிள்ளைக்குச் சாதகம் ஒத்துவரலையாம், என்கிட்ட அப்பவே சொல்லிட்டாரு. வயசுப் பிள்ளை இவ்வளவு நேரமா ஒரு ஆம்பளையோட மாடியில நிக்கது? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்? குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்லா?

— உங்க அண்ணன்தான். கோவத்துல இருக்காவ. நான் முதல்ல இறங்கட்டா?

— நீங்க பின்னால வாங்க. இன்னிக்கு நான் முன்னால போறேன்.

— விஜி! காதுல விழுதா இல்லையா?

— விழுதுண்ணே! அப்பாவ எந்திரிக்க வேண்டாம்னு சொல்லு, அம்மாவையும் மாப்பிள்ளையோட அம்மாவையும் நல்லா வசதியா உக்கார வையி. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை மெட்ராஸ்ல வெள்ளிச் சட்ட போட்டு நீ ஆடுத டிஸ்கோவ இன்னிக்கு அவங்களும் ஒருக்கா பாக்கட்டும்!